சாரைக்குப் பல் பார்த்த தரகன்

உட்காருங்கள், உட்காருங்கள்! நின்றுகொண்டு கேட்டால் கதை காலில் இறங்கிப் போய்விடும். கதைக்குக் கூலி கேட்க மாட்டேன். காது கேட்பேன், இரண்டு காதையும் கேட்பேன். ஒரு காதை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர் இப்போதே எழுந்து போகலாம், வழி திறந்துதான் இருக்கிறது.

ராஜாவின் முகத்தை ஊர் அறியாத காலம் அது. ஆனால் ராஜாவின் காளையைச் சுழி முதற்கொண்டு ஊர் அறிந்திருந்தது. அந்தக் காலத்தில் மேழியூர் என்று ஒரு சந்தை ஊர் இருந்தது.

மேழியூர்ச் சந்தையில் மாட்டுக்கு யாரும் வாயால் விலை பேசமாட்டார்கள். விற்கிறவன் கையை வாங்குகிறவன் பிடிப்பான். மேலே ஒரு துண்டைப் போட்டு மூடுவார்கள். உள்ளே விரல்கள் பேசும். விரலைப் பிடித்தால் ஒரு விலை. கணுவை அழுத்தினால் ஒரு விலை. கையை உதறினால், "போடா, நீயும் உன் விலையும்!" வெளியே நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. முகத்தைப் பார்த்தால் ஈ ஓட்டுகிற மாதிரி இருக்கும். துண்டுக்குள்ளே போர் நடக்கும்!

அந்தச் சந்தையில் நாச்சிமுத்து என்று ஒரு தரகன் இருந்தான். கயிறு பிடிக்கும் வேலையில் தொடங்கியவன். முதுகில் சாட்டையும் கன்னத்தில் அறையும் வாங்கி, அந்தச் சாட்டைக்காரர்களுக்கே மாடு பிடித்துக் கொடுக்கும் தரகனாகித் தோளில் சிவப்புக் கரைத் துண்டு போட்டவன். அவனை ஒருவரும் தூக்கிவிடவில்லை. ஒருவரும் தூக்கிவிடாதவனுக்கு ஒரு வியாதி வரும். எவன் என்ன சொன்னாலும் தன்னைக் கீழே தள்ளத்தான் சொல்கிறான் என்று படும்.

நாச்சிமுத்துவுக்குக் கோபம் வந்தால் மூன்று நடக்கும். காது சிவக்கும். கால் தரையை உதைக்கும். கை சுடும்.

காது சிவந்தால் யாருக்கு என்ன? கால் உதைத்தால் தரைக்குத்தான் வலி. கை சுட்டால்? துண்டுக்குள் அந்தக் கையைப் பிடித்திருக்கிறவனுக்குத் தெரிந்துவிடுமே! "ஆகா, ஆசாமி சூடாகிவிட்டான், இனி விடமாட்டான், இன்னும் ஏற்றலாம்" என்று விரலை அழுத்துவான். நாச்சிமுத்து வீம்புக்கு மேலே போவான். வீட்டுக்கு வந்து தலையில் கை வைப்பான்.

இந்த ரகசியத்தை எல்லோரையும்விட நன்றாக அறிந்தவன் ராக்கியப்பன். அவனும் தரகன்தான். நாச்சிமுத்துவின் மனைவி வேலாத்தாளுக்கு உடன்பிறந்த அண்ணன். மைத்துனன் கேலி செய்தால் கோபிக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். அந்த வழக்கத்தை வைத்தே ராக்கியப்பன் பாதி பேரத்தை முடித்துக்கொள்வான்.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. சோளக் காடெல்லாம் கருகியது. ஆளுக்கு ஒரு மூட்டை, இரண்டு மூட்டை என்று மிஞ்சிய சோளத்தை ஊரார் விதைக்கென்று ஒன்றாகச் சேர்த்தார்கள். அதைத் தின்றால் இந்த வருஷம் பசி தீரும். காத்தால் அடுத்த வருஷம் ஊர் இருக்கும். யார் வீட்டில் வைப்பது? ஊர்க்கூட்டம் போட்டார்கள்.

"மாப்ளே வீட்டுல வைக்கலாமே" என்றான் ராக்கியப்பன், வெற்றிலையை மென்றுகொண்டே. "கல்லுச் செவுரு, நல்ல கதவு. ஆனா என்ன, மாப்ளே போடற சத்தத்துக்கு மனுசந்தான் பயப்படுவான். அவிக வீட்டு எலிக்கு அது தாலாட்டு!"

கூட்டம் சிரித்தது. நாச்சிமுத்துவின் காது சிவந்தது. கால் தரையை உதைத்தது.

"எம்பட வீட்டுலயே வைங்க! விதைக்கிற அன்னிக்கு அளந்து பாருங்க. ஒரே ஒரு வள்ளம் குறைஞ்சாலும் இந்தத் துண்டைக் கழட்டி மச்சான் கையில குடுத்துட்டு, சந்தைப் பக்கம் தலை வச்சுப் படுக்க மாட்டேன்!"

சொல்லிவிட்டான்! தரகனுக்குத் துண்டு என்றால் உழவனுக்கு ஏர். துண்டு போனால் திரும்பவும் கயிறு பிடிக்கத்தான் போகவேண்டும். வீட்டில் வேலாத்தாள் கேட்டது ஒன்றே ஒன்று: "ஏனுங்க மாமா, அண்ணன் ஒரு வார்த்தை சொன்னா நீங்க ஒரு வாழ்க்கையை வைப்பீங்களா?"

நாச்சிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான்.

வள்ளம் என்னும் அளவுப்படியால் அளந்து, விதைச்சோளம் வந்தது. மூங்கிலால் பின்னி, சாணம் மெழுகி, ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் தொம்பைகளில் நிரப்பி வைத்தார்கள். அந்த வாரமே எலியும் வந்தது. மூட்டைக்கு வந்த எலி ஒன்று. சொல்லி அனுப்பி வந்த எலி நூறு. கறுக், கறுக், கறுக்!

நாச்சிமுத்து பூனை வாங்கினான். அவன் போட்ட சத்தத்தில் பூனை கூரை வழியாக ஓடி, பக்கத்து ஊரில் போய்க் குட்டி போட்டது.

பொறி வைத்தான். எலி விழவில்லையே என்ற கோபத்தில் பொறியை உதைத்தான். எலிக்குப் பதில் அவன் கால் கட்டைவிரல் பொறியில் விழுந்தது.

மூன்றாவதாக, பாம்பு வாங்கினான்.

சிரிக்காதீர்கள்! சாரைப் பாம்பு இருக்கும் இடத்தில் எலி இருக்காது. விஷமில்லாத பாம்பு அது. சந்தையின் ஓரத்தில் சடைச்சி என்று ஒருத்தி வந்து உட்காருவாள். பாம்பு பிடிக்கிறவள். அவளிடம் பேரம் நடந்தது. என்ன பேரம்! அவள் ஆடு கேட்டாள். இவன் கோழி என்றான். அவள் கூடையைத் தூக்கித் தலையில் வைத்தாள். இவன் கோழியோடு முட்டை என்றான். அவள் நடந்தே போய்விட்டாள். கடைசியில், எதிரே வருகிற எல்லோரையும் முட்டித் தள்ளும் தன் கிடாயைக் கொடுத்து, ஆள் நீளத்துக்கு ஒரு செவலை நிறச் சாரையை வாங்கினான்.

கொடுக்கும்போது சடைச்சி மூன்று சொன்னாள்.

"நேத்துத்தான் புடிச்சதுங்க. பயந்து கெடக்குது. கொஞ்ச நாளைக்குத் தொடாதீங்க. எலியைத் தின்னா, தின்னது செரிக்கிற வரைக்கும் தொடாதீங்க. கண்ணுல பால் பூத்தாப்பல வெளுத்துதுன்னா, அப்பவும் தொடாதீங்க. அவ்வளவுதானுங்க."

இங்கேதான் தரகனின் புத்தி வேலை செய்தது. வேறு யாராக இருந்தாலும் கேட்டிருப்பான். ஆனால் சந்தையில் வளர்ந்தவனுக்கு ஒரு பாடம் உண்டு: விற்றவன் சொல்லும் புத்திமதிக்குள் விற்ற மாட்டின் நோய் ஒளிந்திருக்கும். "கொஞ்ச நாள் ஏரில் பூட்டாதீங்க" என்றால் மாடு நொண்டி. "ராத்திரியில கயிற்றை இழுக்காதீங்க" என்றால் மாடு முட்டும். அப்படியானால் மூன்று முறை "தொடாதீங்க" என்றால்?

"மூணு குறை இருக்குது!" என்று நடுச்சந்தையில் கத்தினான். "ஏமாத்திட்டா!"

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, சோதனை.

மொடா என்னும் பெரிய மண்பானையில் பாம்பை விட்டு, வாயை மூங்கில் தட்டால் மூடி வைத்திருந்தாள் வேலாத்தாள். இவன் தட்டை எடுத்தான். மாடு வாங்கினால் என்ன செய்வான்? சுழி பார்ப்பான், பல் பார்ப்பான். பாம்புக்கும் அதையே செய்தான்! மேலிருந்து கையை விட்டுக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி, வாயைத் திறக்கச் சொல்லித் தாடையை அழுத்தினான்.

"ஏனுங்க மாமா, அது என்ன காங்கேயம் காளைங்களா?"

"சும்மா இரு புள்ளே! பல்லைப் பார்க்காம எதையும் தொழுவத்துல கட்டுனதில்ல நான்!"

பருந்து எப்படி வரும்? மேலிருந்து வரும். கழுகு எப்படி வரும்? மேலிருந்து வரும். நாச்சிமுத்துவின் கையும் மேலிருந்து வந்தது. சாரைக்கு வேறென்ன தோன்றும்? உடம்பை முறுக்கியது. வாலை உதறியது. வால் பக்கத்திலிருந்து ஒரு நாற்றத்தை அவன் வேட்டியெல்லாம் பீய்ச்சியது. பல்லையும் காட்டியது. பார்க்க ஆசைப்பட்டானே, பெருவிரலில் வரிசையாகக் காட்டியது!

ஏழு முறை குளித்தும் நாற்றம் போகவில்லை. அடுத்த சந்தையில் மாடுகளே அவனைக் கண்டு விலகின.

அடுத்து, விலையை ஏற்றிப் பார்த்தான். படியாத மாட்டுக்காரனையும் விலை ஏற்றிப் படிய வைக்கலாம் அல்லவா? கிண்ணத்தில் பால் வைத்தான். பாம்பு பால் குடிப்பதில்லை. அது அவனுக்குத் தெரியாது. முட்டை வைத்தான். எலி பிடித்து விட்டான். வைத்துவிட்டுப் போனானா? இல்லை. மொடாவுக்கு மேலே குனிந்து நின்று, "தின்னு! இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?" என்று காலை உதைத்தான். தரை அதிர்ந்தது. தரை அதிர்ந்தால் பாம்பின் வயிறு அதிரும். வயிறு அதிருகிறவன் விருந்து சாப்பிடுவானா?

அவன் சந்தைக்குப் போன அன்று, வேலாத்தாள் அறைக் கதவைச் சாத்தி வைத்தாள். வீடு அமைதியாக இருந்தது. சாரை எலியை விழுங்கியது.

திரும்பி வந்தவன் வீங்கிய வயிற்றைப் பார்த்தான். குதித்தான்! "தின்னுடுச்சு! தின்னுடுச்சு!" சாரையை வாரி எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினான். "பாருங்கடா, எம்பட வேட்டைக்காரியை!" தெரு கூடியது. கூடிய தெருவின் நடுவில், பயந்த சாரை விழுங்கிய எலியை அப்படியே அவன் காலில் கக்கியது.

தெரு சிரித்த சிரிப்பு ராக்கியப்பன் வீடு வரை கேட்டது.

பிறகு சாரையின் கண் வெளுத்தது. பால் ஊற்றியது போல. "குருட்டுப் பாம்பு! குருட்டுப் பாம்பைத் தலையில் கட்டிட்டா!" என்று குதித்தான். பார்வை இருக்கிறதா என்று குனிந்து, அதன் முகத்துக்கு நேரே விரலை ஆட்டினான். மங்கலாக ஏதோ ஆடுவதைக் கண்ட சாரை விரலை விட்டது, மூக்கைப் பிடித்தது.

சில நாள் கழித்துப் பார்த்தால், மொடாவில் ஒரு வெள்ளைச் சட்டை. தலையிலிருந்து வால்வரை முழுசாகக் கழற்றிப் போட்டிருந்தது. அதன் பக்கத்தில், இப்போதுதான் எண்ணெய் தேய்த்துக் குளித்தது போல, புதுச் சாரை. கண் கறுப்பு மணியாக மின்னியது.

நாச்சிமுத்து தரையில் உட்கார்ந்துவிட்டான். மூக்கில் மஞ்சள் பற்று. சொன்ன மூன்றும் நிஜம்! ஒரு குறையும் இல்லாத உயிர்! வாழ்நாளில் முதல் தடவையாகச் சந்தையில் ஒருத்தி உண்மையைச் சொல்லியிருக்கிறாள். அதைப் பொய் என்றே வாங்கி வந்திருக்கிறான்!

புத்தி வந்துவிட்டது என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். வந்தது புத்தியில்லை, வெட்கம். அவன் காலடி கேட்டாலே சாரை இன்னமும் மொடாவின் அடியில் சுருண்டு, தலையை மறைத்துக்கொண்டது. வெளியே விட்டால் பூனையைப் போலவே ஓடிவிடும். எலிகளோ, கறுக், கறுக், கறுக்! ஒரு தொம்பையின் அடியில் ஓட்டையே விழுந்துவிட்டது.

அந்த வாரச் சந்தையில் ஒரு நல்ல ஜோடி வந்திருந்தது. மயிலைக் காளைகள். விற்கிறவனுக்காகக் கை கொடுத்தவன் ராக்கியப்பன். துண்டு மூடியது. விரல்கள் பேசின. நாச்சிமுத்து நியாயமான விலையில் விரலை வைத்தான். படியப் போகிற நேரம்.

"மாப்ளே" என்றான் ராக்கியப்பன், வானத்தைப் பார்த்துக்கொண்டே. "பாம்பு கக்குன எலியை என்ன பண்ணுனீங்க? வறுத்துட்டீங்களா?"

அவ்வளவுதான். கை சுட்டது!

துண்டுக்குள் ராக்கியப்பன் சிரித்தான். ஆமாம், விரலால் சிரித்தான். விலையை ஏற்றினான். நாச்சிமுத்து கையை உதறிக்கொண்டு எழுந்தான். காளைகள் கைவிட்டுப் போயின. பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது: "உங்க வாயை நான் கேக்கறதே இல்ல மாப்ளே. கையே எல்லாத்தையும் சொல்லீருது!"

வீட்டுக்கு வந்தான். துண்டை உருவி வீசினான். அது மொடாவின் தட்டைத் தள்ளிக்கொண்டு பாதி உள்ளே, பாதி வெளியே தொங்கியது. எடுக்கவும் மனமில்லாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். கத்தவில்லை. கத்தக்கூடத் தெம்பில்லை.

சற்று நேரம் போனது. துண்டு அசைந்தது.

சாரை துண்டின் மடிப்புக்குள் மெல்ல மெல்ல நுழைந்தது. இருட்டு, வெதுவெதுப்பு, நாலு பக்கமும் மறைப்பு. சுருண்டு படுத்துக்கொண்டது. வேர்வையும் மாட்டு வாசனையும் ஊறிய அந்தத் துண்டு முழுக்க நாச்சிமுத்துதான்! அவனைக் கண்டு ஓடுகிற பாம்பு அவன் வாசனைக்குள் நிம்மதியாகத் தூங்குகிறது!

நாச்சிமுத்துவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. மெதுவாக நகர்ந்து போனான். எதிரே துண்டு. துண்டுக்குள்ளே ஒரு ஆள். தரகனுக்கு இதைவிடப் பழகிய காட்சி உண்டா? கை தானாகவே போனது. மேலிருந்து போகவில்லை. சந்தையில் போவது போலப் பக்கவாட்டில், தாழ்வாக, துண்டுக்கு அடியில் போனது.

உள்ளே ஏதோ விரலைத் தொட்டது. ஈர நூல் போல. சாரையின் நாக்கு!

அட! இதுவும் விரல்தான் பார்க்கிறது! இதுவும் தரகுதான் பேசுகிறது!

சாரை ஒவ்வொரு விரலாக விசாரித்தது. நாச்சிமுத்து மூச்சைக்கூட அளந்து விட்டான். அந்த நேரம் பார்த்து ராக்கியப்பனின் சிரிப்பு நினைவுக்கு வந்தது. கை சுட்டது. விரல் லேசாக இறுகியது. சட்டென்று சாரை பின்வாங்கி மொடாவின் அடிக்குப் போய்விட்டது.

பேரம் முறிந்தது!

நாச்சிமுத்து சிரித்தான். உண்மையாகவே சிரித்தான். "வேலாத்தா! இங்க ஓடியா! வேண்டாம், ஓடாதே, நடந்து வா! இவளும் எங் கையைப் படிச்சுட்டா! மச்சான் படிச்ச அதே எழுத்தைப் படிச்சுட்டா!"

"அண்ணன் படிச்சா நட்டம் வருது. அவ படிச்சா என்ன வருமுன்னு பார்ப்போமுங்க" என்றாள் வேலாத்தாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் துண்டுக்குள் பேரம். நாச்சிமுத்துவின் பக்கத்தில் கொடுக்க ஒன்றும் இல்லை. பாலில்லை, முட்டையில்லை. கை மட்டும். கோபமாக இருந்தால் சாரை வராது. அவசரமாக இருந்தால் வராது. பாசாங்கு செய்து பார்த்தான், அப்போதும் வரவில்லை! மனுஷனை ஏமாற்றலாம், உள்ளங்கைச் சூட்டைப் படிக்கிறவளை எப்படி ஏமாற்றுவது?

ஒரு நாள் நாக்கு நீட்டிவிட்டுப் போனது. ஒரு நாள் தாடையை மணிக்கட்டில் வைத்தது. ஒரு நாள், சொல்லச் சொல்ல எனக்கே உடம்பு சிலிர்க்கிறது, ஒரு நாள் கையின் மேல் ஏறி, முழங்கையைச் சுற்றிக்கொண்டு, அசையாமல் கிடந்தது. நாச்சிமுத்து அதை இறுக்கவில்லை. அடியில் கையைக் கொடுத்தான், அவ்வளவுதான். அது ஒரு கையிலிருந்து மறு கைக்கு வழிந்தது. மறு கையிலிருந்து முதல் கைக்கு வழிந்தது. அவன் கண்ணில் நீர் வழிந்தது.

தின்ற அன்று தொடவில்லை. கண் வெளுத்தபோது கிட்டே போகவில்லை. நன்றாகப் பழகிய பின்பு விதை அறையில் அவிழ்த்துவிட்டான். ஓடவில்லை! இரை தேடும். திரும்ப வந்து துண்டுக்குள் படுக்கும். கறுக், கறுக் குறைந்தது. கறுக் மட்டும் ஆனது. பிறகு அதுவும் இல்லை. நூறு எலியில் ஒன்று இரண்டு போனது வயிற்றுக்கு, மிச்சம் போனது வேறு ஊருக்கு.

மழை வந்தது!

அடேயப்பா, என்ன மழை! ஓடை நிரம்பியது, கிணறு நிரம்பியது, ஊர் முழுக்கத் தவளை. விதைக்க நாள் குறித்தார்கள். ஊர்த்தலைவர் சென்னியப்பர் முன்னால் வர, மேளம் பின்னால் வர, ஊரே நாச்சிமுத்து வீட்டு வாசலுக்கு வந்தது. அளக்கும் வள்ளத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ராக்கியப்பன் வந்தான்.

கதவு திறந்தது. மேளம் முழங்கியது. ஆயிரம் கால் தரையை மிதித்தது.

சாரையின் வயிறு அதிர்ந்தது. பயந்துபோன சாரை தொம்பையின் அடியோரம் சுருண்டு, கழுத்தை நிமிர்த்தி, உஸ்ஸென்று சீறியது. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் பார்த்தவர்களுக்கு என்ன தெரியும்?

"நல்ல பாம்பு! நல்ல பாம்பு! அடி!"

கம்பு எடுத்தார்கள், கல் எடுத்தார்கள், ஒருவன் உலக்கையே எடுத்தான். சாரை ஓடினால் கூட்டத்துக்குள்தான் ஓடவேண்டும். ஓடினால் செத்தது. கை கொடுத்து எடுக்க ஒரே ஒருவன்தான் உண்டு. அந்தக் கை சுட்டால் சாரை அந்தக் கைக்கும் வராது.

நாச்சிமுத்து குறுக்கே போய் நின்றான். துண்டைக் கையில் விரித்தான். சாரையின் பக்கம் பக்கவாட்டில், தாழ்வாக நீட்டினான்.

ராக்கியப்பன் விடுவானா? துண்டு இன்று தன் கைக்கு வரப்போகிறது என்ற குஷி அவனுக்கு.

"பாருங்கடா, கயிறு புடிச்ச கை, பாம்பு புடிக்குது!"

நாச்சிமுத்துவின் காது சிவந்தது. கை சுடவில்லை.

"பூனையே குடியிருக்காத வீட்டுல பாம்பு குடியிருக்குமா? அதுவும் கக்கீட்டுத்தான் போகும்!"

நாச்சிமுத்துவின் கால் உயர்ந்தது. உயர்ந்த கால், பூவின் மேல் வைப்பது போல மெல்லத் தரையில் இறங்கியது.

"துண்டை ஏன் மாப்ளே பாம்புக்குக் காட்டறீங்க? எனக்குத் தர்றதுக்கு மடிச்சு வைங்க!"

கூட்டம் மூச்சைப் பிடித்தது. இனி வெடிப்பான்! இத்தனை வருஷம் பார்த்திருக்கிறார்களே!

நாச்சிமுத்து திரும்பாமலே சொன்னான், தொட்டில் குழந்தையை எழுப்பாமல் பேசுகிற குரலில்: "தர்றேன் மச்சான். மொதல்ல மேளத்தை நிறுத்தச் சொல்லுங்க. இவ புதுசா வந்த புள்ள, பயப்படறா."

மேளம் நின்றது. கால்கள் நின்றன. உலக்கைகூடக் கீழே வைக்கப்பட்டது. அந்த அமைதியில் சாரை நாக்கை நீட்டியது. விரல் நுனியைப் படித்தது. மறுபடி படித்தது. பிறகு நிமிர்ந்த கழுத்தைத் தாழ்த்தி, துண்டுக்குள் வழிந்து, அவன் கையைச் சுற்றிக்கொண்டு அடங்கியது.

பாம்பு அடங்கியதைக் கண்ட வியப்பைவிட நாச்சிமுத்து அடங்கியதைக் கண்ட வியப்பு பெரிது!

பிறகு அளந்தார்கள். நாச்சிமுத்து முன்னதாகவே சொல்லிவிட்டான்: "குறையுமுங்க. இவ வர்றதுக்கு முந்தி எலி தின்னுடுச்சு. மறைக்க மாட்டேன்."

குறைந்தது. ஒரு வள்ளம். சரியாக ஒரே ஒரு வள்ளம்! ஊர்க் காடு முழுக்க விதைக்கச் சோளம் போதும். ஆனால் வாக்கு வாக்குதானே? சென்னியப்பர் தலையைச் சொறிந்தார். ராக்கியப்பன் இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டு முன்னால் வந்தான்.

"சொன்னது சொன்னதுதான் மச்சான்" என்றான் நாச்சிமுத்து. துண்டு போர்த்திய கையை நீட்டினான். "எடுத்துக்குங்க. ஆனா இழுக்காதீங்க, அவ பயந்துக்குவா. சந்தையில கை குடுக்கிற மாதிரி உள்ள விட்டு, அவளைக் கையில வாங்கிட்டு, அப்புறம் துண்டை எடுங்க."

ராக்கியப்பன் துண்டைப் பார்த்தான். துண்டு லேசாக மூச்சுவிட்டது. ஊர் அவனைப் பார்த்தது. பின்வாங்க முடியுமா? கையை நீட்டினான். விரல் நுனி துண்டுக்குள் போனது. கை வேர்த்தது, சுட்டது.

உள்ளேயிருந்து, "உஸ்ஸ்!"

"ஐயோ சாமி!" ராக்கியப்பன் பின்னால் எகிறினான். வள்ளம் ஒரு பக்கம், தலைப்பாகை ஒரு பக்கம். அவன் விழுந்த இடம், மழையில் நனைந்து நல்ல பதத்தில் இருந்த எருக்குழி!

தூக்கிவிட யார் ஓடினார்கள் என்கிறீர்கள்? நாச்சிமுத்து. பாம்பு ஒரு கையில், மைத்துனன் மறு கையில். கேலியாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கையைப் பிடித்து எழுந்த ராக்கியப்பன் திகைத்து நின்றான். இத்தனை வருஷம் துண்டுக்குள் பிடித்த கை. அது இன்று குளத்துப் படிக்கட்டைப் போலக் குளிர்ந்திருந்தது. அவனால் அதில் ஒன்றையும் படிக்க முடியவில்லை!

"துண்டு உங்களுதேதான் மாப்ளே" என்றான், எருவைத் துடைத்துக்கொண்டே. "அந்த அம்மிணி முடிச்ச பேரத்தை நான் முறிக்க மாட்டேன். ஆனா இனிமே உங்ககூட நான் எப்படித்தான் ஏவாரம் பண்ணுவேன்?"

"நாயமா பண்ணுங்கண்ணா" என்றாள் வாசலிலிருந்து வேலாத்தாள்.

ஊர் சிரித்தது. சென்னியப்பரும் சிரித்தார். விதைச்சோளம் காட்டுக்குப் போனது. முளைத்தது, ஆள் உயரம் நின்றது, கதிர் சாய்ந்தது. அறுவடையில் முதல் வள்ளத்தை நாச்சிமுத்து ஊருக்கு அளந்தான். இரண்டாவது வள்ளத்தைச் சடைச்சிக்கு அனுப்பினான். அவள் சொன்னதை நம்பாததற்கு.

கேட்டீர்களா எல்லோரும்? அப்படியானால் நான் கேட்ட இரண்டு காதையும் இதோ திருப்பித் தருகிறேன், இந்த ஒரு சொல்லையும் உள்ளே வைத்து: பயந்த உயிரை வசப்படுத்த நினைக்கிறவன், முதலில் தன் கோபத்தை வசப்படுத்த வேண்டும்.